வெறுந்தறிச் சத்தம்

தறி ஓடினால் தெருவுக்குக் கேட்கும். நின்றால் அதைவிட நன்றாகக் கேட்கும். பிள்ளையார்பாளையத்தில் பிறந்து வளர்ந்த காதுக்கு, குறுக்கே ஓடுகிற ஊடை நூல் தீர்ந்து நிற்கிற தறி எது, வெற்றிலை போட எழுந்து போனதால் நிற்கிற தறி எது, இழை அறுந்து நிற்கிற தறி எது என்று வாசலில் நடந்துபோகும்போதே தெரிந்துவிடும்.

வீரபாகுவின் வீட்டுத் தறி இழை அறுந்து நின்றதாகத் தெருவில் யாரும் சொன்னதில்லை. சொல்லும்படி அவர் வைத்துக்கொண்டதும் இல்லை. தெருக்கோடி முருகன் கோயிலில் ஆடிக் கிருத்திகையன்று வள்ளியம்மைக்குச் சாத்துகிற பட்டு, அவருடைய பாட்டனார் காலத்திலிருந்து அந்த வீட்டில்தான் நெய்யப்படுகிறது. கோயில் மண்டபத்துச் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். வயது அறுபதைத் தாண்டியும் நாற்காலியில் முதுகைச் சாய்க்காதவர். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டுதான் வாசற்படி இறங்குவார்.

அப்படிப்பட்ட வீட்டில், இரண்டாயிரத்து மூன்றாம் வருஷக் கோடையில், தறியில் நெடுக்காக ஏற்றிய பாவு அறுபட ஆரம்பித்தது.

முதலில் ஓரிரண்டு இழைகள். பிறகு கொத்துக் கொத்தாக. மகன் குமரகுரு ஊடை நூல் சுமக்கிற நாடாவை நாலு தடவை ஓட்டுவான், நிறுத்துவான், குனிந்து அறுந்த இழையைத் தேடுவான். எடுத்து முடிந்துவிட்டு நிமிர்ந்தால் பக்கத்தில் இன்னொன்று அறுந்திருக்கும்.

புதுப் பாவு ஏற்றும்போது, தறியில் மீந்திருக்கிற பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழையை வைத்து, விரல் நுனியில் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்ப்பார்கள். பிணைப்பது என்று அதற்குப் பேர். பெண்கள் செய்கிற வேலை. பிணைத்த கை குளிர்ந்த கையானால் பாவு கடைசிவரை வழுக்கிக்கொண்டு வரும், சூட்டுக் கையானால் நீளம் பூராவும் அறுந்துகொண்டே வரும் என்பது அங்கே வீட்டுக்கு வீடு உள்ள நம்பிக்கை. வீரபாகுவின் தாயாரும் அதைச் சொல்லியிருக்கிறாள். அறுந்துகொண்டிருந்த பாவைப் பிணைத்தவள் மருமகள் காயத்ரி.

முசரவாக்கத்து நெசவுக்காரர் வீட்டுப் பெண். வந்த புதிதில் அவள் பிணைத்த பாவைத் தடவிப் பார்த்து, "குளுந்த கைம்மா உனுக்கு" என்று மாமியார் மங்கையர்க்கரசி வாய்விட்டுப் புகழ்ந்திருக்கிறாள். இப்போது அதே மாமியார் அவள் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் புருஷனிடம் வந்தாள்.

"சூடாத்தான் இருக்குது."

"இந்த வெயில்ல யார் கைம்மா சில்லுனு இருக்குது?" என்று கால் தொங்கப்போடும் தறிக்குழியிலிருந்து குமரகுரு கேட்டான். 

வீரபாகு மருமகளை ஒரு சொல் கடிந்தவரில்லை. அவர் கவலையெல்லாம் கோயில் பாவைப் பற்றி. வள்ளியம்மை சேலைக்கான பாவு தயாராகிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் காயத்ரிதான் பிணைப்பாள் என்று தெருவே எதிர்பார்த்திருக்கும். அவள் வீட்டில் இருந்துகொண்டே பிணைக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். பிணைத்து, அந்தப் பாவும் அறுந்தால்? அதை அவரால் நினைக்கக்கூட முடியவில்லை. கிருத்திகை முடிகிறவரை அவள் பிறந்த வீட்டில் இருக்கட்டும் என்று தீர்மானித்தார். உடம்பு சரியில்லை, அம்மா வீட்டில் ஓய்வெடுக்கப் போகிறாள் என்று தெருவுக்குச் சொன்னார். அதைப் பொய் என்று அவர் நினைக்கவில்லை. உள்ளே நடப்பதை மறைக்க வீட்டுக்கு ஒரு கதவு இருக்கிற மாதிரி, இதுவும் ஒன்று.

புறப்படும்போது காயத்ரி ஒன்றுதான் கேட்டாள்.

"நான் போனப்புறம் அறுக்காம இருந்தா, அப்பவும் என்னைக் கூப்பிடுவீங்களா மாமா?"

"இன்னா பேச்சும்மா இது! கிருத்திகை கழிஞ்சதும் குமரனே வந்து கூட்டிக்கினு வருவான்."

அவள் போனாள். அடுத்த பாவை மங்கையர்க்கரசி தன் கையாலேயே பிணைத்தாள். அதுவும் அறுந்தது.

பழைய சூடு குழியிலேயே தங்கிவிட்டதோ என்று வீரபாகு தறிக்குழியைச் சாணம் போட்டு மெழுகச் சொன்னார். மெழுகிய சாணம் காய்ந்து பொருக்காக எழும்பியது. இழை அறுந்தது. தறி நின்றது. பக்கத்து வீட்டு வாசலில் யாரோ பேச்சை நிறுத்திக் காது கொடுப்பது போல அவருக்குத் தோன்றியது.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. வீட்டில் தறி இரண்டு. ஒன்றில் குமரகுரு நெய்துகொண்டிருந்தான். மற்றது கோயில் பாவுக்காகக் காத்துக்கொண்டு, பழைய இழைநுனிகள் தொங்க, காலியாகக் கிடந்தது. மகன் தறியில் இழை அறுந்தால் உடனே மங்கையர்க்கரசி காலித்தறியில் உட்கார்ந்து அச்சுப்பலகையை வெறுமனே இழுத்து அடிக்க வேண்டியது. அவன் முடிந்து முடிக்கிறவரை சத்தம் நிற்கக்கூடாது.

"பாவே இல்லாத தறியில உக்காந்துக்கினு நான் இன்னாத்தங்க நெய்யறது?" என்று அவள் கேட்டாள்.

"மானத்த நெய். அடி."

அவள் அடித்தாள். ஆனி மாதத்து வெயிலில், வியர்வை கழுத்தில் ஓட, ஒன்றுமில்லாத தறியை அடித்துக்கொண்டிருந்தாள்.

இப்படி ஓடிக்கொண்டிருக்கையில் ஐயம்பேட்டைப் பழனி வந்தார். வரன் பார்த்துக் கொடுக்கிறவர். நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"நம்ம குமரனுக்கு வேற எடம் பாக்கறீங்கன்னு கேள்விப்பட்டேன். எங்க பக்கம் ஒரு பொண்ணு இருக்குது. நல்ல பொண்ணு."

வீரபாகு எழுந்து நின்றார். "யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? ஊரே பேசிக்கினு இருக்குது. மூணு வருசமா கொழந்த இல்ல, அதான் பொறந்த வூட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னு... நான் தப்பா சொல்லலைங்க."

வீரபாகு அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்தபோது உள்ளே தறி நின்றிருந்தது. இழை ஒன்றும் அறுந்திருக்கவில்லை. குமரகுரு குழியில் உட்கார்ந்தபடி தகப்பனாரைப் பார்த்தான். அன்றைக்கு முழுக்க அந்தத் தறி ஓடவில்லை. காலித்தறியை அடிக்கச் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை.

கதவு என்று நினைத்து அவர் சொன்ன சின்னச் சொல், ஊர் வாயில் அந்தப் பெண்ணின் வாழ்க்கையாக வளர்ந்துவிட்டிருந்தது. மறுக்க வேண்டுமானால் உண்மைக் காரணத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால், வள்ளியம்மைக்கு நெய்கிற வீட்டில் பாவு தாங்கவில்லை என்பது சந்திக்கு வரும். இரண்டில் எதையும் செய்ய முடியாமல், வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு மெல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரந்தான் ஸுபத்ரா டீச்சர் மண்டபம் கேட்டு வந்தாள். சின்ன காஞ்சிபுரத்துக்காரி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவள். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த முகம் சிவந்திருந்தது.

"பிரசங்கம் ஒண்ணும் பண்ணப் போறதில்லை, ஐயா. மழை, வெயில், கிணறு. முன்னாடி எப்படி இருந்தது, இப்போ எப்படி இருக்குன்னு அவாவா பட்டதை அவாவாளே சொல்லணும். எங்க தெருவுல உக்காந்து பேசினோம். திருப்புட்குழியில பேசினா. பூமி சூடாயிண்டு வரதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கான். நம்ம தெருவுல என்ன ஆறதுன்னு எந்தப் புஸ்தகத்துலயும் போடலையே?"

"மழையப் பத்தின்னா பேசுங்க. வீட்டு விஷயம் மட்டும் மண்டபத்துல வேணாம்."

"மழை வீட்டுக்குள்ள வராதா என்ன?" என்று அவள் சிரித்தாள்.

வீரபாகு சிரிக்கவில்லை. ஆனால் சாவியைக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மண்டபம் நிறைந்துவிட்டது. கரண்டு இல்லாததால் வீட்டுக்குள் இருக்க முடியாமல் வந்தவர்கள்தான் பாதிப் பேர். வீரபாகு முன்னால் போட்டிருந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெண்கள் பக்கத்தில் மங்கையர்க்கரசி.

முதலில் பேச்சு நொண்டியது. பாலாற்றில் தண்ணீர் போய் எத்தனை காலமாயிற்று என்று ஒருவர் சொன்னார். கிணற்றை மேலும் தோண்டினேன், பாறைதான் வந்தது என்றார் மற்றொருவர். எல்லோருக்கும் தெரிந்ததையே எல்லோரும் சொன்னார்கள். ஸுபத்ரா டீச்சர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பின்வரிசையிலிருந்து கங்கையம்மாள் எழுந்தாள். கூலிக்குப் பாவு பிணைத்துத் தனியாகப் பிழைக்கிறவள்.

"நான் ஒண்ணு கேக்கணும் டீச்சரம்மா. இது வெயில் சமாச்சாரமா இல்லியான்னு எனக்குத் தெரியல."

"கேளுங்கோ."

"இந்தத் தெருவுல பாதி வூட்டுப் பாவு என் கையால பிணைச்சதுதான். கங்கம்மா கை பானைத் தண்ணின்னு சொல்லுவாங்க. போன வருசத்துலேர்ந்து ஒருத்தரும் என்னைக் கூப்பிடறதில்ல. சூட்டுக் கை ஆயிடுச்சாம். கூப்பிட்ட ஒண்ணு ரெண்டு வூட்டுக்கும், பானைக்குள்ள கைய வுட்டு ஊற வச்சுக்கினுதான் போனேன். அப்பவும் அறுந்துதாம். ஏம்மா, இத்தினி வயசுக்கு மேல மனுசி கை மாறிப்பூடுமா?"

 அவள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். 'வீட்டு விஷயம் வேண்டாம்' என்று சொல்ல வீரபாகு தொண்டையைச் செருமினார். அதற்குள் எதிர்வீட்டுச் சிட்டிபாபு எழுந்துவிட்டான். தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம், வாயை மூடத் தெரியாத மனுஷன்.

"கங்கம்மா, உன்னை முதல்ல நிறுத்தினது நான்தான். கோச்சுக்காத. உன்னை நிறுத்திட்டு என் பொண்டாட்டிய உக்கார வச்சேன். அறுந்துச்சு. அவள எழுப்பிட்டு என் தங்கச்சிய வரவழைச்சேன். அதுவும் அறுந்துச்சு. இப்ப நானே பிணைக்கறேன். அது இன்னும் மோசம். இனிமே அடுப்பே மூட்ட வேணாம், உன் கைமேலேயே தோசை வாத்துக்கறேன்றா என் பொண்டாட்டி."

மண்டபம் சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாகப் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "எங்க வூட்ல என் மாமியா கைதான் சூடு!" என்றது. "எங்க வூட்ல நான்!" என்றது இன்னொன்று. "எங்க சின்ன மருமவ அதுக்காகவே ரெண்டு வேளை குளிக்குது பாவம், தண்ணியே இல்லாத வூட்ல" என்றாள் ஒரு கிழவி. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சூட்டுக் கை இருந்தது. ஒவ்வொரு வீடும் தன் வீட்டில் மட்டுந்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

சிரிப்பு தானாகவே அடங்கியது.

"எப்போ அறுக்கறது?" என்று ஸுபத்ரா டீச்சர் கேட்டாள்.

"உச்சி வெயில்ல" என்றார்கள் பலர்.

"மழை பேஞ்சா?"

"பேஞ்சாத்தானே தெரியும்!" என்றான் சிட்டிபாபு. பிறகு, சிரிக்காமல் யோசித்தான். "இல்ல, இரு. நடுவுல ஒருநாள் தூத்தல் போட்டுச்சே, அன்னிக்கு எங்க வூட்ல ஒரு இழை அறுக்கல."

"எங்க வூட்லயும்" என்றார் இன்னொருவர்.

"எங்க நைனா காலத்துல ஐப்பசி வந்தா தறிக்குழியில தண்ணி ஊறிக்கும். மொண்டு ஊத்திட்டுத்தான் காலத் தொங்கப் போடுவாரு. சித்திரையிலகூட அடிமண்ணு சில்லுனு இருக்கும். அந்த ஈரந்தான் பாவுக்கு ஏறும். இப்ப காலத் தூக்குனா புழுதி பறக்குது. பாவு காஞ்ச வைக்கோலா கெடக்குது. நாம பொம்பளைங்க கையப் புடிச்சுப் பாத்துக்கினு இருக்கோம்." சிட்டிபாபு தலையைச் சொறிந்தான். "இதுல அறுந்தது வெளிய தெரியக்கூடாதுன்னு காலித்தறிய வேற அடிக்கறது. நான் அடிக்கறேன்பா, இல்லேங்கல. ஆனா வெறுந்தறிச் சத்தம் நெய்யறவன் காதுக்குத் தெரியாதா? எனக்கு எதிர்ப்பக்கத்துச் சத்தம் வேற கேக்குது."

அவன் யாரையும் பார்க்காமல்தான் சொன்னான். வீரபாகு திரும்பி மனைவியைப் பார்த்தார். மங்கையர்க்கரசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவருக்குத் தெரியவில்லை.

"ஐயா, உங்க வீட்ல எப்படி?" என்று டீச்சர் கேட்டாள். ஊர்ப் பேச்சு எதுவும் அறியாதவள், மரியாதைக்குத்தான் கேட்டாள்.

மண்டபம் முழுக்க அவரைப் பார்த்தது. எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அது அவர் அப்பாவின் சொல், பாட்டனாரின் சொல். அதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் அதன் மறுபக்கம் அவர் கண்ணில் பட்டது. எல்லா வீட்டிலும் அறுந்து, தம் வீட்டில் மட்டும் அறுந்துபோகவில்லை என்றால், மருமகளை எதற்காக அனுப்பினார்? பழனி சொன்னதுதான் காரணம் என்று, நாளைக்கு இந்த ஊர், அவர் வாக்கையே சாட்சியாக வைத்துப் பேசும்.

எழுந்து நின்றார். சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எங்க வீட்லயும் அறுக்குது. மருமவ இருந்தப்பவும் அறுந்துது, போனப்புறமும் அறுக்குது. அந்தப் பொண்ணு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. பாவுக்காகத்தான் நான் அனுப்பினேன். வேற எதுக்காகவும் இல்ல."

உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. சிட்டிபாபு மெதுவாக, "அப்போ போய்க் கூட்டிக்கினு வாங்கண்ணா" என்றான்.

மறுநாள் காலையில் அவர் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டபோது மங்கையர்க்கரசி குறுக்கே வந்தாள். "சம்பந்தி வூட்டுக்கு நீங்க எதுக்குப் போவணும்? குமரனை அனுப்புங்க. அதான் மொறை."

"அனுப்பினவன் நான்தானே" என்றார். குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

முசரவாக்கத்தில் சம்பந்தி ராமலிங்கம் அவரைப் பார்த்ததும் பதறிப்போய்ப் பாயை உதறி விரித்தார். காயத்ரி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். வீரபாகு அதைத் தொடவில்லை. மனத்தாங்கல் தீராத வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை. அது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த வழக்கம். செம்பு நடுவில் இருந்தது.

உள்ளே தறி ஓடியது, நின்றது. மறுபடி ஓடியது, நின்றது. வீரபாகுவின் காது தானாகவே அந்தப் பக்கம் திரும்பியது.

"இங்கயும் அறுக்குதா?"

"அறுக்குதுங்க" என்றார் ராமலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு.

"அண்ணி என்னைப் பாவு பக்கமே வரக்கூடாதுன்னுட்டாங்க மாமா" என்றாள் காயத்ரி. "அங்கேர்ந்து சூட்டைக் கொண்டாந்துட்டேனாம்."

 வீரபாகு வீட்டில் சொன்ன சொல் அவருக்கு முன்னால் பஸ் ஏறி இங்கே வந்து உட்கார்ந்திருந்தது. பெண்ணுக்கு இரண்டு வீடு. இரண்டிலும் அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று.

மண்டபத்தில் நடந்ததைச் சொன்னார். ஒவ்வொரு வீடாகச் சொன்னார். தாம் எழுந்து சொன்னதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்வார்களோ என்றிருந்தது.

"கோயில் பாவு வந்துடுச்சும்மா. நீதான் பிணைக்கணும்."

"பிணைக்கறேன் மாமா. அதுவும் அறுக்கும்."

"அறுக்கட்டும்."

காயத்ரி நிமிர்ந்தாள். "அந்தக் கூட்டம் இன்னொரு தடவை நடக்குமா?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன்னுது டீச்சரம்மா."

"அங்க நானும் பேசணும்."

"காயத்ரி!" என்றார் ராமலிங்கம்.

"வீட்டு விஷயத்தையா?" என்று வீரபாகு கேட்டார். குரல் பழையபடி விறைத்திருந்தது.

"என் விஷயத்தை மாமா. எல்லாரும் என் கையத் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. என்னை ஒருத்தரும் கேக்கல."

உள்ளே தறி மறுபடி நின்றது. வெளியே ஷேர் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வீரபாகு முதுகை வளைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். மண்டபத்து முன் நாற்காலியில், ஊர் பார்க்க, மருமகள் தம்மைப் பற்றிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கப்போவதை நினைத்துப் பார்த்தார். எழுந்து வர முடியாது. சாவி அவரிடம்தான் இருக்கும், கடைசியில் பூட்டுகிறவரும் அவர்தான்.

கையை நீட்டிச் செம்பை எடுத்தார். அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காயத்ரி பேசினாள். வீரபாகு இமைக்காமல் கோயில் கொடிமரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் பேசி முடித்ததும் கங்கையம்மாள் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வள்ளியம்மை பாவை அவர்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்தே பிணைத்தார்கள்.

இப்போது குழியின் பக்கங்களில் ஈரச்சாக்கு தொங்கியது. வெயில் ஏறும் முன்பே தறி ஓட ஆரம்பித்தது. இந்த இரண்டும் தெருவில் எல்லா வீட்டுக்கும் பரவிவிட்டன. ஆனாலும் மழை இல்லை. ஒருநாள் வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கிய நேரம், கோயில் பாவில் பட்டென்று ஓர் இழை போயிற்று. குமரகுரு நிறுத்தினான். காயத்ரி அறுந்த இழையைத் தேடக் குனிந்தாள். மங்கையர்க்கரசி பழக்க தோஷத்தில் மற்றத் தறிக்கு ஓடினாள்.

"வேணாம், வுடு" என்றார் வீரபாகு.

சத்தம் நின்றது. தெரு முழுக்கக் கேட்கும்படியாக நின்றது.

எதிர்வீட்டிலிருந்து சிட்டிபாபுவின் குரல் வந்தது. "இன்னாண்ணா, அறுந்துதா?"

வீரபாகு வாசலுக்கு வந்தார். மேல் பொத்தான் போட்டிருக்கவில்லை.

"அறுந்துதுப்பா!" என்று உரக்கச் சொன்னார். "எங்க காயத்ரி எடுத்துக் கட்டிக்கினு இருக்குது!"